கால் சுற்று

கல்யாண் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் டூவீலர் ஸ்டாண்டுகள் காலையிலேயே நிரம்பிவிடுகின்றன. ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் உரச, எம்எச்-05 வண்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சொந்தக்காரர்கள் லோக்கலைப் பிடித்து மும்பையின் தாதருக்கோ, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் வி.டி.க்கோ போயிருப்பார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அந்த வரிசையின் நடுவே நடந்துபோகும் எவருக்கும் ஒரு கேள்வி வரலாம். வந்தால் எளிதில் போகாது. இவர்களில் எத்தனை பேர் தங்கள் வண்டியின் சைடு பேனலைத் தங்கள் கையால் கழற்றிப் பார்த்திருப்பார்கள்? சீட்டுக்குக் கீழே, டேங்க் முடிகிற இடத்தில், வண்டியின் பெயர் ஒட்டிய அந்த முக்கோணப் பிளாஸ்டிக் துண்டு இரண்டு விரற்கடை கனம்கூட இருக்காது. அதற்குப் பின்னால்தான் ஏர் ஃபில்டர், பேட்டரி, ஃபியூஸ், சில வண்டிகளில் டூல்கிட் எல்லாம் இருக்கின்றன. வண்டி மூச்சுவிடும் இடமும் மின்சாரம் தங்கும் இடமும் சொந்தக்காரரின் முழங்காலை ஒட்டியே இருக்கின்றன. ஆனாலும் பலர் அதை வருஷக்கணக்கில் பார்ப்பதில்லை. சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பேனல் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்த்தால் சோம்பல் என்ற பதில் போதவில்லை.

100 சிசி வண்டிகள் பலவற்றில் அமைப்பு இதுதான்: ஒரு ஸ்க்ரூ அல்லது ஒரு சாவிப்பூட்டு, அதற்குத் துணையாக, பேனலின் உட்பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் முளைகள். முளைகள் ஃப்ரேமில் பதித்த ரப்பர் புஷ்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். வண்டி புதிதாக இருக்கும்போது ரப்பர் வழுவழுப்பாக, கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு இருக்கும். இழுத்தால் முளை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நாலைந்து வெயில் காலமும் நாலைந்து மழைக்காலமும் கழிந்த பிறகு அதே ரப்பர் காய்ந்து இறுகி முளையைக் கவ்விக்கொள்கிறது. பிளாஸ்டிக்கும் அதற்குள் உயிர்விட்டிருக்கும். ஸ்க்ரூவின் தலையில் சேறு அடைந்து காய்ந்து, கூட்டல் குறி வட்டக் குழியாகத் தெரியும். அதை ஊசியால் நோண்டி, திருகியை அழுத்திப் பிடித்து, எப்படியோ கழற்றிவிட்டாலும், பேனலை இழுக்கும்போது எந்தக் கோணத்தில் இழுக்க வேண்டும் என்பது வெளியிலிருந்து தெரியாது. முளை எந்தத் திசையில் நிற்கிறது என்பதைப் பேனலே மறைத்திருக்கிறது. நேராக இழுக்க வேண்டியதைச் சாய்த்து இழுத்தால் முளை அடிவேரோடு ஒடியும். அந்தச் சத்தத்தைக் கேட்ட கை அடுத்த முறை பேனலைத் தொடத் தயங்கும்.

மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். தாராவியிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் கல்யாண், அம்பர்நாத் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களின் பையன்கள் சிலர் இங்கே தெருவோரம் கடை போட்டிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. ஸ்பேனர் பானா ஆகி, திருகி பேச்கஸ் ஆகி, கருவிகளின் பெயர்கள் மட்டும் மாறிவிட்டன. "அண்ணாச்சி, பழைய பேனலு, கழட்டுனா முளை ஒடைஞ்சாலும் ஒடைஞ்சிரும், சொல்லிட்டேன்" என்பது வேலை தொடங்குமுன் சொல்லப்படும் வாக்கியம். உடைந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஃபெவிக்விக். அது நிற்காதென்று அவர்களுக்கே தெரியும். அடுத்தது எம்-சீல், பிசைந்து வைத்து ஒரு ராத்திரி விட வேண்டும். அதற்கும் அடுத்தது சால்டரிங் அயர்னைச் சுடவைத்து, ஸ்டேப்ளர் பின்னைப் பிளாஸ்டிக்குக்குள் புதைத்துத் தைப்பது. கடைசியாக டேக். பேனலில் ஓட்டை போட்டு, ஃப்ரேமோடு சேர்த்து வெள்ளை நைலான் டேக்கால் இறுக்கி, நுனியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடுவது. டேக் போட்ட பேனலை அதன் பிறகு வெட்டித்தான் திறக்க வேண்டும். பராமரிப்புக்கு இருந்த வாசலைப் பராமரிப்பே மூடிவிட்டது.

முன்பு இப்படி இருக்கவில்லை. பஜாஜ் ஸ்கூட்டர் ஓட்டிய தலைமுறைக்கு என்ஜின் பக்கத்து டிக்கியைத் திறக்க எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. கொக்கியை நெம்பிவிட்டால் தகடு கையோடு வந்துவிடும். வரவேண்டியிருந்தது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிவதால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். வழியில் நின்றுவிட்டால் டிக்கியைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து மாட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அலுவலகத்துக்குச் சட்டை கசங்காமல் போகிறவர்களும் இதைச் செய்தார்கள். அந்த ஸ்கூட்டர்களுக்கு மூலமான வெஸ்பாவை 1946இல் வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். என்ஜின்மேல் கழற்றி மாட்டும் தகட்டைப் போர்த்துகிற வழக்கம் அவருக்குப் புதிதில்லை. 1955இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய புல்லட்டின் பழைய வண்டிகளில் பக்கவாட்டு டூல்பாக்ஸின் மூடியை ஒற்றைக் குமிழ்த் திருகு பிடித்திருக்கும். விரலால் திருகலாம், இறுகிப்போனால் அதன் தலையிலுள்ள பள்ளத்தில் காசை வைத்துத் திருப்பலாம். அந்த வண்டிகள் அடிக்கடி தொந்தரவு கொடுத்தன. அதனால் தொந்தரவைப் பார்க்கும் வழியை எளிதாக வைத்திருந்தார்கள்.

1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் அதற்கு ஒரு விளம்பர வாசகம் இருந்தது. அந்த நாட்களில் பத்திரிகை பார்த்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். நாலு ஸ்ட்ரோக் என்ஜின் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தது. பிளக் கரியடையவில்லை, பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டியதில்லை, மைலேஜ் யாரும் பார்த்திராத அளவுக்கு இருந்தது. அதைக் குறைசொல்ல முடியாது. மாதச் சம்பளக்காரக் குடும்பம் ஒன்றின் பட்ஜெட்டில் அந்த வண்டி செய்த நன்மை பெரியது. ஆனால் மறந்துவிடு என்ற மூன்றாவது சொல் என்ஜினோடு நிற்கவில்லை. நல்ல என்ஜினைப் போர்த்தியிருந்த பேனலுக்கும் அது பரவியது. மறக்கப்போகிற இடத்துக்கு வாசல் எதற்கு? அதுவரை கொக்கியாகவும் குமிழாகவும் இருந்தவை ரப்பருக்குள் புதைந்த முளைகளாயின. பின்னாளில் மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி வந்ததும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் நின்றது. பேனலைத் திறக்க இருந்த இன்னொரு காரணமும் அதோடு போயிற்று.

ஒரு ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பாளர் ஓர் ஊகத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறார். இதை யார் திறப்பார், எத்தனை நாளைக்கு ஒருமுறை, கையில் என்ன வைத்துக்கொண்டு? வண்டியின் விலைப்பட்டியலிலோ, ஷோரூம்காரர் சொல்லும் அம்சங்களிலோ அந்த ஊகம் வருவதில்லை.

ஸ்க்ரூவின் தலையில் உள்ள கூட்டல் குறியின் கதையே அதற்குச் சாட்சி. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற அந்தத் தலை, கார்த் தொழிற்சாலையின் ஓடும் வரிசைக்காகப் பிரபலமானது. மோட்டாரில் சுழலும் திருகி நேர்க்கோட்டுப் பள்ளத்தில் வழுக்கிப் போகும். கூட்டல் குறியில் தானாகவே நடுவில் போய் உட்காரும். காடிலாக் கார்கள்தான் முதலில் அதை ஏற்றன. பூட்டுகிறவனுக்கு அது வரம். கழற்றுகிறவனைப் பற்றி அந்த வடிவம் அவ்வளவு யோசிக்கவில்லை. துருவேறிய ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் திருப்பும்போது அதே சரிவான பள்ளங்கள் திருகியை மேலே தள்ளி வெளியேற்றுகின்றன. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் கூட்டல் குறி ஜப்பானியத் தரப்படி வெட்டப்பட்டது. பார்வைக்கு ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், தலையில் சில சமயம் ஒற்றைப் புள்ளி மட்டும் அடையாளமாக இருக்கும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணத் திருகி அதில் முழு ஆழத்துக்கு இறங்காது. நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ ஸ்க்ரூக்களின் தலையைத் தேய்த்து, "மட்டமான இரும்பு" என்று திட்டியிருக்கிறார்கள். இரும்பின் மேல் தப்பில்லாத சந்தர்ப்பங்கள் அவற்றில் நிறைய.

இதற்கு நேரெதிரான ஒரு சிந்தனையும் அதே பத்தாண்டில் பிறந்தது. உக்ரைனிலிருந்து அமெரிக்கா போன வில்லியம் ஜூஸ் 1930களில் விமானங்களுக்காக உருவாக்கிய பிடிப்பான் அது. ஒரு கம்பிச் சுருளின் குறுக்குக் கம்பியில் கொக்கி போன்ற வெட்டுள்ள தண்டு போய் மாட்டிக்கொள்ளும். கால் சுற்று திருப்பினால் பூட்டும், கால் சுற்று எதிரே திருப்பினால் திறக்கும். கழற்றினாலும் தண்டு தகட்டிலேயே தங்கிவிடும், கீழே விழுந்து தொலையாது. தலையிலுள்ள பள்ளம் எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்தாலே பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். என்ஜின் மூடியை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டிய தொழிலில் இந்த மூன்றும் உயிர்ப் பிரச்சினை. பந்தய மோட்டார் சைக்கிள்காரர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்துக்கும், 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பாதையின் காலத்துக்கும் சேர்த்து ஒரு பழக்கம் சொல்லலாம்: பந்தயக்காரர் தன் வண்டியைத் திறந்து பார்க்காமல் ஓடவிடமாட்டார். இன்றைய பந்தய வண்டிகளின் ஃபேரிங்கில் வரிசையாகக் கால் சுற்றுப் பிடிப்பான்கள் இருக்கும். அதே வண்டியில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் தலையில் துளையிட்டு, முறுக்கிய கம்பியால் கட்டியிருப்பார்கள்; அது தற்செயலாகத் திறக்கவே கூடாது. எது நொடியில் திறக்க வேண்டும், எது எந்நாளும் திறக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அன்றாட வண்டிக்கு அப்படி யாரும் உட்காரவில்லை என்பதுதான் உறுத்தல்.

ஆகவே சிலர் தாங்களே உட்காருகிறார்கள். வேலை சிறியது, ஆனால் கவனம் கேட்பது. கம்பெனி ஸ்க்ரூ இருந்த இடத்தில் விரலால் திருகும்படி தலையில் வரி வெட்டிய எஸ்எஸ் குமிழ்த் திருகு வைக்கலாம். ஆறு மில்லிமீட்டர் மறை என்றால் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். பிளாஸ்டிக்கில் நேரடியாகக் கடித்திருக்கும் ஸ்க்ரூ என்றால் மறை நாலைந்து தடவை தாங்கும், பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே பித்தளை உள்மறை வைக்க வேண்டும். வெளிப்புறம் வரி வெட்டிய சின்னப் பித்தளைக் குழல் அது. துளையின் வாயில் நிறுத்தி, சால்டரிங் அயர்னின் நுனியை அதன்மேல் மெதுவாக வைத்தால் பித்தளை சூடாகி, சுற்றியுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் இளகி, குழல் தன் எடையிலேயே இறங்குவதுபோல் இறங்கும். அப்போது அவசரப்பட்டு அழுத்தினால் கோணிக்கொள்ளும். விளிம்புக்குச் சமமாக வந்ததும் அயர்னை எடுத்துவிட்டு, தட்டையான ஓர் இரும்புத் துண்டை மேலே வைத்து ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். ஏபிஎஸ் எரிகிற வாடை மூக்கில் நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்வதே நல்லது. ஆறியபின் திருகிப் பார்த்தால் உலோகத்தோடு உலோகம் சேரும் அந்தச் சுத்தமான நிறுத்தம் விரலுக்குத் தெரியும். ரப்பர் புஷ்ஷைப் புதிதாக மாற்றி, முளையில் துளி சிலிக்கோன் கிரீஸ் தடவினால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோலிய கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிக் கெடும். திருகு தவறி விழாமலிருக்க அதன் கழுத்தில் ஒரு நைலான் வளையம் போட்டுப் பேனலோடு பிணைத்துவிடுவதும் உண்டு. இவ்வளவும் சேர்ந்து ஆகும் செலவு ஒரு புதுப் பேனலின் விலையில் சிறு பகுதி.

இங்கேதான் தயக்கமும் வருகிறது. ஸ்டேஷன் ஸ்டாண்டில் நாள் முழுக்கக் கேட்பாரற்று நிற்கும் வண்டிக்கு விரலால் திறக்கும் பேனல் நல்லதா? சொந்தக்காரருக்கு எளிதானது பக்கத்தில் நிற்கிறவருக்கும் எளிதுதான். பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்துக்குப் பழைய சாமான் கடையில் எப்போதும் விலை உண்டு. பேனலில் சாவிப்பூட்டு வைத்த கம்பெனிகள் இதைத்தான் எண்ணியிருக்க வேண்டும். அந்தப் பூட்டு மழையில் துருப்பிடித்து, சாவி உள்ளே போகாமல், கடைசியில் மெக்கானிக் நெம்பி உடைக்கிற நிலைக்கு வருவது வேறு விஷயம். ஆனால் பாதுகாப்பு என்ற வாதத்தை அப்படியே ஏற்கவும் மனம் வரவில்லை. திருட வருகிறவர் முளை உடைவதைப் பற்றிக் கவலைப்படமாட்டார். பேனலை ஒரே இழுப்பில் பிய்த்துவிடுவார். உடையுமே என்று அஞ்சிக் கையைப் பின்வாங்குகிறவர் சொந்தக்காரர் ஒருவர்தான். பேட்டரியின் பட்டையைப் பூட்டும் போல்ட்டை மட்டும் அசாதாரணத் தலையுள்ளதாக மாற்றிவிட்டு, பேனலை எளிதாக்கிக்கொள்பவர்கள் பாதுகாப்பையும் பராமரிப்பையும் பிரித்துப் பார்க்கிறார்கள். ஏர் ஃபில்டரை யாரும் திருடப்போவதில்லை.

இன்னொரு ஆட்சேபம் சாலையிலிருந்து வருகிறது. அதைச் சுலபமாகத் தள்ள முடியாது. கல்யாண் பக்கத்துச் சாலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 மழைக்காலத்தில் இங்கே குழிகளால் டூவீலரில் போனவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள், நாடு முழுக்கச் செய்தியானது. மனித உயிர் போகிற இடத்தில் திருகைப் பற்றிப் பேசுவது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதே குழிகள்தான் ஒவ்வொரு வண்டியின் ஒவ்வொரு திருகையும் தினமும் சோதிக்கின்றன. திருகு ஏன் தானாகக் கழல்கிறது என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் விளக்கினார். மேலும் கீழுமாக வரும் இழுப்பைவிட, பிடித்த இரண்டு பரப்புகள் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதுதான் மறையைத் திருப்பி அவிழ்க்கிறது என்று அவர் காட்டினார். சைடு பேனலுக்கு நேர்வதும் அதுவே: கால் முட்டி உரசுகிறது, ஃப்ரேம் அதிர்கிறது, பேனல் பக்கவாட்டில் நடுங்குகிறது. நம் மெக்கானிக்குகள் நம்பும் ஸ்பிரிங் வாஷர் அந்த வகை அதிர்வில் பெரிதாக உதவுவதில்லை என்பதையும் யுங்கர் வழிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. விரலால் இறுக்கிய குமிழ்த் திருகு, பானாவால் இறுக்கியதைவிடச் சீக்கிரம் அவிழும். அப்படியானால் கம்பெனி வைத்த முளையும் ரப்பரும் முட்டாள்தனமல்ல. அதிர்வைத் தின்னும் வேலையை ரப்பர் நன்றாகவே செய்கிறது. இதை ஒப்புக்கொண்டாக வேண்டும். முளையை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் திருகு வைத்தவர்களின் பேனல் சில மாதத்தில் கடகடவென்று ஆடத் தொடங்குகிறது. ரப்பரை வைத்துக்கொண்டு, திருகின் கீழும் ஒரு ரப்பர் வாஷர் போட்டு, நைலான் உள்வளையமுள்ள நட்டைப் பின்னால் வைத்தவர்களுடையது ஆடுவதில்லை. எளிதாகத் திறப்பது, திறக்கும்வரை அசையாமலிருப்பது என்று இரண்டு குணங்கள் இருக்கின்றன. ஜூஸின் பிடிப்பானில் சுருள்கம்பியின் விறைப்பு இரண்டாவதைப் பார்த்துக்கொண்டது. முதலாவதை மட்டும் கண்டு ஆசைப்படுகிற மாற்றங்கள் தோற்கின்றன.

மழை வந்தால் இதெல்லாம் நுணுக்கப் பேச்சாக இருப்பதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது, உல்லாஸ் ஆறு கரை தாண்டி கல்யாண், பத்லாப்பூர்ப் பகுதிகளும் மூழ்கின. 2019 ஜூலையில் பத்லாப்பூருக்கும் வாங்கனிக்கும் நடுவே மகாலட்சுமி எக்ஸ்பிரஸே வெள்ளத்தில் நின்றுபோனது. நீர் வடிந்த பிறகு நனைந்த வண்டியின் முன் நிற்பவர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அவர் செல்ஃப் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தக்கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், காற்றைப்போல் அதை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். செய்ய வேண்டியது பேனலைத் திறப்பது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பது. பல வண்டிகளில் அந்தப் பெட்டியின் அடியில் முனை அடைத்த சிறு ரப்பர் குழாய் தொங்கும். அடைப்பைப் பிடுங்கினால் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. ஆனால் பேனலைத் திறந்தே பழக்கமில்லாத கைக்கு அந்த அரை நிமிடத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியாது. பொத்தான் எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களில் மெக்கானிக் கடைகளின் முன் என்ஜின் பிரித்துக் கிடக்கும் வண்டிகளில் பல, வெள்ளத்தால் சேதமானவை என்பதைவிட, வெள்ளம் வடிந்தபின் ஸ்டார்ட் செய்ததால் சேதமானவை.

மாற்றம் செய்யலாம் என்றால் உடனே ஆர்டிஓவைப் பற்றிய பயம் வருகிறது. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்பளித்தது. அதே வருஷம் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வைத்தது. ஆனால் 52ஆம் பிரிவு பேசுவது வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டுமான மாற்றத்தைப் பற்றி, பதிவுச் சான்றிதழில் எழுதியிருப்பதற்கு முரணாவதைப் பற்றி. பேனலைப் பிடிக்கும் திருகு பதிவுச் சான்றிதழில் இல்லை. பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்கச் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. அந்தத் தடுப்பைக் கழற்றி எறிபவர்கள்தான் சட்டத்தையும், சேலை கட்டிப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உயிரையும் மீறுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் சாலையோர மெக்கானிக்குக்குத் தெளிவாகத் தெரியும். சொந்தக்காரருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அரசும் இந்தக் கதவை வேறு பக்கத்திலிருந்து தட்டியிருக்கிறது. உதிரிப்பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிக் கடைகளுக்குத் தராததற்காக 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் கார் கம்பெனிகள் 14க்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் முதலானவற்றோடு வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. இவை முக்கியமானவை. ஆனாலும் உரிமை என்பது ஆவணமாகவும் இணையதளமாகவும் வரும்போது, ஒரு முளையின் வடிவத்தில் அது எப்படி மறுக்கப்படுகிறது என்பது கண்ணில் படாமல் போகிறது. சர்வீஸ் மேனுவலை யாரும் தடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், முதல் பக்கத்தில் சொன்னபடி பேனலைக் கழற்றப் போகும்போதே முளை ஒடிந்தால் இரண்டாம் பக்கத்துக்கு எப்படிப் போவது? 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் பெட்ரோல் இன்ஜெக்ஷன், சென்சார்கள், அவற்றின் கனெக்டர்கள் என்று சீட்டுக்கடியிலும் பேனலுக்குப் பின்னாலும் இடம் நெருக்கமாகிவிட்டது. ஒரு கனெக்டரில் பச்சை பூத்தால் வண்டி நின்றுவிடும். திறந்து பார்க்க வேண்டிய காரணங்கள் கூடிக்கொண்டே போகின்றன, திறக்கும் வழி மட்டும் 1985இன் மனநிலையில் நிற்கிறது.

1974இல் வெளிவந்த ராபர்ட் பிர்சிக்கின் மோட்டார் சைக்கிள் பராமரிப்பு நூலில் இதே மாதிரி ஒரு ஸ்க்ரூ வருகிறது. பக்கத்து மூடியைப் பிடித்திருக்கும் அது சிக்கிக்கொள்கிறது, தலை தேய்கிறது. அவ்வளவுதான், முழு வண்டியும் பயனற்றுப்போகிறது. அந்த ஸ்க்ரூவின் மதிப்பு அந்த நிமிஷத்தில் வண்டியின் மொத்த விலைக்குச் சமம் என்று பிர்சிக் காட்டுகிறார். சிக்கிக்கொள்வதிலிருந்துதான் பார்வை தொடங்குகிறது, ஸ்க்ரூவைப் பெயரற்ற சரக்காகப் பார்ப்பதை விட்டு இந்த ஒரு ஸ்க்ரூவாகப் பார்க்கும்படி ஆகிறது என்பது அவர் போகும் வழி. அழகான வழிதான். ஆனால் பிர்சிக்குக்கு விடுமுறைப் பயணம் இருந்தது, பக்கம் பக்கமாக யோசிக்க அமெரிக்கச் சமவெளி இருந்தது. கல்யாணிலிருந்து ஆறு ஐம்பது ஃபாஸ்ட்டைப் பிடிக்க வேண்டியவருக்கும், பையை முதுகில் மாட்டிக்கொண்டு இரவு பதினொன்று வரை சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரிப் பையனுக்கும் சிக்கிக்கொள்வது தியானமாக இருக்காது. அன்றைய கூலி போகும். அவர்களுக்கு ஸ்க்ரூ சிக்காமல் இருப்பதே தேவை. சிக்காத ஸ்க்ரூவை அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் அதைச் செய்ய வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் மும்பையின் பிளாஸ்டிக் வந்து சேர்கிறது. பெண்கள் உட்கார்ந்து வகை பிரிக்கிறார்கள். எரித்து முகர்ந்தும், தட்டிச் சத்தம் கேட்டும் ஏபிஎஸ் எது, பிபி எது என்று சொல்லிவிடுகிறவர்கள் அங்கே உண்டு. அரைக்கும் இயந்திரத்துக்குப் போகும் குவியலில் வண்டிப் பாகங்களும் கிடக்கும். முளை ஒடிந்த பேனல் என்றால், பெயிண்ட் போகாமல், கீறல்கூட இல்லாமல், வண்டியின் பெயர் பளபளக்க இருக்கும் துண்டாகவே அது கழித்துப் போடப்பட்டிருக்கும். சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் ஒடிந்ததற்காக முழுப் பேனலையும் வாங்க வேண்டியிருக்கிறது. முளை தனியாக உதிரிப்பாகப் பட்டியலில் இருப்பதில்லை, பேனலோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கிறது. அதைத் தனியாக வார்த்து, உட்புறமிருந்து ஒரு சிறு ஸ்க்ரூவால் பேனலில் பூட்டினால் போதும். ஒடிந்தால் முளையையும் ரப்பர் புஷ்ஷையும் சேர்த்து ஒரு பாக்கெட்டாகத் தெருமுனைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பிரேக் கேபிளையும் பல்பையும் இப்போதே அப்படித்தான் வாங்குகிறார்கள். எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று பேனலின் விளிம்பில் ஓர் அம்புக்குறியை வார்ப்பிலேயே பொறித்துவிட்டால் அச்சுக்கு ஒருமுறை ஆகும் செலவுதான், பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் இலவசம்.